நம் வீட்டு மணிக்கூடுகள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு வீட்டு மணிக்கூடு ஒரு சின்ன விஷயமாகத் தோன்றலாம். சுவரில் தொங்கும் ஓர் அலங்காரப் பொருள்தானே என்று கேட்கலாம். ஆனால் வெலிமடையிலும் சுற்றியுள்ள ஊவாத் தோட்டங்களிலும் வளர்ந்த நமக்கு அது அழகுப் பொருள் மட்டுமல்ல. நேரம் யார் கையில் இருந்தது, எப்போது நம் வீட்டுக்குள் வந்தது என்ற கதை அதில் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லி, முடிவில் உங்களிடம் ஒரு வேலையும் ஒப்படைக்க வந்திருக்கிறோம்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660 முதல் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்தவர். 1681 இல் இலண்டனில் வெளியான தமது நூலில், இங்கே நேரம் பார்த்த விதத்தையும் எழுதியிருக்கிறார். அரசனிடம் ஒரு செப்புக் கிண்ணம் இருந்தது. அதன் அடியில் மிகச் சிறிய துளை. தண்ணீர்ப் பானையில் மிதக்கவிட்டால் நீர் மெல்ல மெல்ல ஏறிக் கிண்ணம் மூழ்கும். மூழ்கியதும் எடுத்து, வெறுமையாக்கி, மறுபடி மிதக்கவிட வேண்டும். நம் முன்னோரின் நாழிகை வட்டிலும் இதே முறையில் வேலை செய்ததுதான். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. அந்தக் கிண்ணத்தைக் கவனிக்க அரசன் தனியாக ஓர் ஆளை வைத்திருந்தான். குடிமக்கள் விதைப்புக்கு நல்ல நேரம் பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டுமே அப்படிப்பட்ட கிண்ணத்தைப் பயன்படுத்தினார்கள். மற்ற நாட்களில் எல்லாம் குத்துமதிப்புத்தான்.

ஆனால் நொக்ஸ் இன்னொன்றையும் சொல்கிறார். மாலை நாலு மணியளவில் விரிந்து, இரவு முழுவதும் திறந்திருந்து, காலையில் கூம்பும் ஒரு பூவைச் சிலர் காட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டுத் தோட்டத்தில் நட்டார்களாம். மப்பு மூடிச் சூரியன் தெரியாத நாளில் அதுதான் அவர்களுக்கு மணிக்கூடு. நம் முற்றத்து அந்திமந்தாரையே அது. அரசனுக்குச் செப்புக் கிண்ணம், குடிமக்களுக்கு ஒரு பூச்செடி. வீட்டுக்கு அழகாகவும் நேரம் காட்டுவதாகவும் இருந்த பொருள்களில் அதையே நாம் முதலாவதாகச் சொல்லலாம்.

அடுத்து வந்தது தோட்டத்து நேரம். இது நம்மில் பலருக்குப் பாட்டி சொல்லக் கேட்ட கதை. சிலருக்குச் சொந்த அனுபவம். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டு எழுந்து பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டும். பிந்திப் போனால் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்; முழுப்பேர் அரைப்பேர் ஆனாலும் ஆகும். பிறகு பெக்டரிச் சங்கு வந்தது. மணிக்கூடு இருந்த இடங்கள் துரை பங்களாவும் தோட்டக் கந்தோரும் பெக்டரியுந்தான். லயத்தில் இருந்தவர்களுக்கு நேரம் காதால் கேட்பது. கண்ணால் பார்ப்பது அல்ல. அடித்தது சரியான நேரத்துக்கா, ஊதியது சரியான நேரத்துக்கா என்று சரிபார்க்க அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தப்புச் சத்தம் கேட்டு ஆண்கள் எழுந்தார்கள் என்றால், பெண்கள் அதற்கும் முன்னால் எழுந்தார்கள். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்குப் போனார்கள். அந்த நேரத்தை எந்தச் செக்ரோலும் எழுதியதில்லை. மலையில் செய்த வேலைக்குக்கூட ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்தது. சம சம்பளம் 1984 இல்தான் வந்தது.

இந்த நிலையில் ஒரு வீட்டில் மணிக்கூடு வாங்குவது என்றால் அது சாதாரண காரியமா? முதலில் பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, வாத்தியார் வீடுகளிலும் பட்டணத்துக் கடைக்காரர் வீடுகளிலும் சுவர் மணிக்கூடுகள் வந்தன. பிறகு சீட்டுப் பிடித்து, ஆடு மாடு விற்று, மற்றவர்களும் வாங்கினார்கள். பெரிய சுவர் மணிக்கூடு முடியாதவர்கள் எலாம் வைக்கும் டைம்பீஸ் வாங்கினார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது பல வீடுகளில் அதற்குச் சொன்ன காரணம். மைல் கணக்கில் நடந்து வந்து முதல் மணிக்கு முன் இந்தப் பாடசாலை வாசலுக்குள் நுழைந்த பிள்ளைகளுக்குப் பின்னால், வீட்டில் ஒரு டைம்பீஸும் அதைப் பார்த்து எழுந்த ஒரு தாயும் இருந்ததை நாம் மறக்கக் கூடாது.

இனி அந்தப் பழைய மணிக்கூடுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். அமெரிக்காவின் ஆன்சோனியா, 1861 இல் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் தொடங்கிய ஜங்ஹான்ஸ், 1892 இல் டோக்கியோவில் தொடங்கிய செய்க்கோஷா ஆகியவை உலகமெங்கும் வீடுகளுக்கு மணிக்கூடு அனுப்பிய பெயர்கள். உங்கள் வீட்டு மணிக்கூட்டின் முகத்திலோ உள்ளேயிருக்கும் பித்தளைத் தகட்டிலோ இப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடைந்த மரத் தூண்கள், மேலே செதுக்கிய கிரீடம், கண்ணாடிக் கதவு, பித்தளைப் பெண்டுலம் என்று இருக்கும். ரோமன் எண்களில் நாலைப் பெரும்பாலும் நான்கு கோடுகளாகவே போட்டிருப்பார்கள்; அது பிழையல்ல, மணிக்கூட்டுக்காரர் வழக்கம். சில பெண்டுலங்களில் ஆர், ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். செய்தவர் பெயரின் முதலெழுத்துகள் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் ஆர் என்றால் மெதுவாக்கு, ஏ என்றால் வேகமாக்கு.

பெண்டுலம் வைத்த மணிக்கூட்டை 1656 இல் கண்டுபிடித்தவர் ஹொலந்து நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ். அதற்கு முன் நாளுக்குக் கால் மணி நேரம்வரை பிழை காட்டிய மணிக்கூடுகள், அதன் பிறகு ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிழையோடு ஓடின. பெண்டுலம் நீண்டால் மெதுவாக ஆடும், குறுகினால் வேகமாக ஆடும். குண்டின் அடியிலுள்ள சின்ன திருகாணியைத் திருப்பிக் குண்டை ஏற்றினால் மணிக்கூடு முந்தும், இறக்கினால் பிந்தும்.

முகத்தில் இரண்டு சாவித் துவாரங்கள் இருந்தால் ஒன்று நேரம் ஓடுவதற்கு, மற்றது மணி அடிப்பதற்கு. வாரம் ஒரு முறை, ஒரே நாளில், இரண்டுக்கும் சாவி கொடுக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தட்டும் சேர்த்தால் ஒரு நாளுக்கு அது 180 முறை அடிக்கிறது. அவ்வளவு உழைக்கிற பொருளுக்கு நாம் செய்யும் பெரிய தீங்கு தேங்காய் எண்ணெய் விடுவதுதான். நம் ஊர்க் குளிரில் அது உறைந்து, தூசியையும் அடுப்புப் புகையையும் பிடித்து, சக்கரங்களை நிறுத்திவிடும். மணிக்கூட்டு எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். ஓடாமல் நின்றால் முதலில் அது நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். டிக், டிக் சத்தத்தின் இடைவெளி ஒரே சீராகக் கேட்க வேண்டும். முள்ளைப் பின்னுக்குத் திருப்பாதீர்கள்.

இந்தக் கடைசி விதி நம் நாட்டில் எல்லோருக்கும் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் நாடு முழுவதும் நேரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு எடுத்தார்கள். 2006 ஏப்ரலில் இன்னொரு அரை மணியையும் எடுத்துப் பழைய நேரத்துக்கே வந்தோம். அந்தப் பத்தாண்டுகளில் "இது பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காத வீடு இல்லை. பிள்ளைகள் இருட்டோடு புறப்பட்டார்கள். இராகு காலம் பார்க்கக் கணக்குப் போட வேண்டியிருந்தது. பின்னுக்கு எடுத்த இரண்டு தடவையும் அடிக்கும் மணிக்கூடு உள்ள வீட்டில் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: பெண்டுலத்தை அரை மணி நேரம் நிறுத்தி வைத்திருந்து மறுபடி ஆட்டிவிடுவது.

இன்று குவார்ட்ஸ் மணிக்கூடு மலிவு. உள்ளே நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு சிறு படிகம். நம் பழைய பெண்டுலத்தைவிட அது எவ்வளவோ சரியாக ஓடும். அதை நாம் குறை சொல்ல வரவில்லை. பழைய மணிக்கூடுகளை என்ன செய்கிறோம் என்பதே நம் கவலை. பழைய சாமான் வாங்க வருகிறவருக்கு, ஓடவில்லையே என்று கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். உள்ளிருப்பதைக் கழற்றிவிட்டு, பெட்டியில் பெற்றரி இயந்திரம் பூட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தபோது எத்தனையோ வீட்டுப் பொருட்கள் கைமாறின. எஞ்சியவை கொஞ்சம்.

நம் அம்மாமாரின் வேலை நாட்கள் செக்ரோலில் இருக்கின்றன. பறித்த கொழுந்தின் இறாத்தல் கணக்கும் இருக்கிறது. அவர்கள் எழுந்த நேரமும், பிள்ளையை எழுப்பிய நேரமும், விளக்கணைத்துப் படுத்த நேரமும் எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் பார்த்த மணிக்கூடு மட்டும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது.

ஆகவே நாம் ஒப்படைக்க வந்த வேலை இதுதான். இந்த நூற்றாண்டு ஆண்டுக்குள் ஒவ்வொரு பழைய மாணவியும் தம் வீட்டு மணிக்கூட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். யார் வாங்கினார், யாருடைய உழைப்புக் காசில், எந்தக் கடையில், எந்தச் சுவரில் தொங்கியது, சாவி கொடுத்தது யார், எப்போது நின்றது? மணிக்கூடு இப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நினைவு இருந்தால் போதும். அம்மாவோ அம்மாயியோ உயிரோடிருந்தால் இந்த வாரமே கேளுங்கள். இன்று படிக்கும் பிள்ளைகள் கொப்பியும் பேனாவுமாகப் போய்க் கேட்டு எழுதலாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி நம் பாடசாலை நூலகத்தில் வைப்போம்.

விற்க நினைக்கிறவர்கள் விற்கலாம். அது அவரவர் வசதி. ஆனால் கதையை எழுதி வைத்துவிட்டு விற்போம்.