"பரவாயில்லைங்க" ஒரு அளவு கிடையாது
(இயன்முறை மருத்துவர் ஒருவர் பொதுமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிசியோதெரபிக்கு வர்றவங்ககிட்ட "இப்போ எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, பெரும்பாலும் வர்ற பதில் "பரவாயில்லைங்க". நல்லா இருக்குன்னும் அதுக்கு அர்த்தம், அப்படியேதான் இருக்குன்னும் அர்த்தம். டாக்டர் மனசு சங்கடப்படக் கூடாதேன்னு சொல்றவங்களும் உண்டு. இதை வச்சு அடுத்த வாரம் பயிற்சியைக் கூட்டலாமா, மாத்தலாமான்னு எப்படி முடிவு பண்றது? அதனாலதான் அளக்கிறோம்.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்போம். மூட்டு எத்தனை டிகிரி மடங்குதுன்னு கோனியோமீட்டர் வச்சுப் பார்ப்போம். தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை ஒரு வரிசை இருக்கு. இதெல்லாம் எங்க வேலை.

உங்க வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கு. 1991-ல வந்தது, இன்னைக்கும் உலகம் பூரா பயன்படுது. கைப்பிடி வச்ச நாற்காலி ஒண்ணைச் சுவரோரமாப் போடுங்க. அங்கிருந்து 3 மீட்டர் தூரத்துல தரையில ஒரு கோடு. போன்ல ஸ்டாப்வாட்ச். "போகலாம்"னு சொன்னதும் எழுந்து, வழக்கமான வேகத்துல கோடு வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். கம்பு பிடிச்சு நடக்கிறவங்க கம்போடயே நடக்கட்டும். முதியவங்களுக்கு 12 வினாடி அல்லது அதுக்கு மேல ஆனா, கீழே விழுற அபாயம் இருக்குன்னு கவனமா இருக்கணும். பக்கத்துல ஆள் இல்லாம இதைச் செய்யவே கூடாது. ஆபரேஷன் ஆனவங்க தெரபிஸ்ட் சரின்னு சொன்ன பிறகுதான் செய்யணும்.

ஒவ்வொரு முறையும் அதே நாற்காலி, அதே செருப்பு, ஏறக்குறைய அதே நேரம். ஒரு வாரம் சோபாவுல, அடுத்த வாரம் சேர்லன்னு மாத்தினா, நீங்க அளக்கிறது சோபாவைத்தான், தாத்தாவை இல்லை!

இவ்வளவு எதுக்குன்னு கேட்பீங்க. முழங்கால் மாற்று அறுவை செய்துக்கிட்ட ஒருத்தரை வச்சுப் பாருங்க. மூணு வாரம் ஆச்சு. வலி 6-ல இருந்து 5-க்குத்தான் வந்திருக்கு. "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை"ன்னு பயிற்சியை நிறுத்திடுறார். ஆனா அதே மூணு வாரத்துல முழங்கால் 60 டிகிரியில இருந்து 85 டிகிரிக்கு மடங்க ஆரம்பிச்சிருக்கும். அது அவருக்குத் தெரியாது, யாரும் காட்டலை. அந்த நேரத்துல விட்டா மூட்டு இறுகிடும். பிறகு அதை மீட்கிறது ரொம்பக் கஷ்டம். பக்கவாதத்திலயும் வேகமான முன்னேற்றம் வர்றது முதல் சில மாதங்கள்லதான். அந்த நாட்களை "பரவாயில்லை"யில கழிக்கக் கூடாது. மறுபக்கமும் உண்டு: ரெண்டு மூணு வாரமா எண் நகரவே இல்லைன்னா, பொறுத்துப் பார்க்காம தெரபிஸ்ட்கிட்ட கேளுங்க. பயிற்சியை மாத்த வேண்டியிருக்கலாம்.

குறிப்பை எங்க எழுதுறது? நாள்காட்டித் தாள்ல எழுதினா மறுநாள் கிழிச்சுப் போட்டுடுவோம். போன்ல நோட்ஸ்ல தேதியோட எழுதுங்க. வாரம் ஒரு முறை பக்கவாட்டுல நின்னு, அதே தூரத்துல இருந்து சின்ன வீடியோ எடுங்க. அது தெரபிஸ்ட் பார்க்கத்தான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வேண்டாமே. போன் காட்டுற அடி எண்ணிக்கையை மட்டும் ரொம்ப நம்பாதீங்க. மெதுவா, கம்பு ஊன்றி நடக்கிறவங்களுக்கு அது குறைச்சுக் காட்டலாம்.

டிகிரி, வினாடியோட நோயாளியோட ஆசையையும் ஒரு வரி எழுதுங்க. "தெருமுனை டீக்கடைக்குத் தனியாப் போய்ட்டு வரணும்"னு சொன்னா, இன்னைக்கு அது 10-க்கு எவ்வளவு முடியுதுன்னு அவரையே மார்க் போடச் சொல்லுங்க. எனக்கு மிகவும் பயன்படுற எண் அதுதான்.

மருத்துவமனைக்கு வர முடியாதவங்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தர்றாங்க. உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கிட்டயோ கேளுங்க. தெரபிஸ்ட் தினமும் வர முடியாது. இடைப்பட்ட நாட்கள்ல நடந்தது உங்க குறிப்புலதான் இருக்கும்.

இன்னொண்ணு. திடீர்னு ஒரு கை கால் மரத்துப் போனாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ ஸ்டாப்வாட்ச்சை எடுக்காதீங்க, 108-ஐ அழையுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

சரி, இப்போ உங்க கேள்விகளைக் கேளுங்க.