செடியின் காவலும் நாம் தெளிக்கும் மருந்தும்



பத்தாங் பெர்ஜுந்தை என முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே, 1917ஆம் ஆண்டில், ஆன்றி ஃபோக்கொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை வேரூன்றிய இடமே தமிழ்ப்பெயர் தாங்கி நிற்கிறது. ஆதலின், பயிர்கள் தம்மை எவ்வாறு காத்துக்கொள்கின்றன என்பதைத் தமிழில் ஆராய நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

பகைவர்களுள் மிகச் சிறிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சிலந்திப்பேன். பூச்சிக்கு ஆறு கால். இதற்கு எட்டுக் கால். ஆகவே இது சிலந்திக்கு உறவு. உடல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இலையின் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை கட்டி, ஊசி போன்ற வாயுறுப்பால் உயிரணுக்களைத் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சும். இலைமேல் வெளிறிய புள்ளிகள் தோன்றும். பின்னர் இலை பழுத்து உதிரும். வெயில் காய்ந்து மழை குன்றிய நாள்களில் ஒரு முட்டை பத்து நாளுக்குள் முதிர்ந்த பேனாகிவிடும். கொல்லையிலுள்ள கத்தரி, வெண்டை, பயற்றங்கொடி ஆகியவற்றிலும், நாற்றுமேடையில் நிற்கும் இளஞ்செம்பனையிலும் இதனைக் காணலாம்.

ஓடவும் ஒளியவும் இயலாத செடி என் செய்யும்? அதற்கு மூன்று அரண்கள் உண்டு.

முதல் அரண் அதன் மேனி. தக்காளிச் செடியைத் தொட்டால் கையில் பிசுபிசுப்பும் மணமும் ஒட்டுமன்றோ? அதன் மென்மயிர்களின் நுனியிலுள்ள சுரப்பிகள் கசியவிடும் நீர்மம் அது. அதில் சிறு பேன்கள் சிக்கிக்கொள்ளும்.

இரண்டாம் அரண் அதன் சுவை. வெள்ளரியில் சில வகைகளின் இலை கசக்கும். அக்கசப்புச் சிலந்திப்பேனைத் தடுக்கிறது. ஆயினும் அதே கசப்பு வெள்ளரியைத் தின்னும் சில வண்டுகளை ஈர்த்துவிடுகிறது. ஒரு பகையைத் தடுக்கும் கதவு மற்றொன்றிற்கு வாயிலாவதும் உண்டு. இன்னும் சில செடிகள், கடிபட்ட பின்னரே விழித்தெழுகின்றன. காயத்திலிருந்து எழும் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் குறிப்பு செடியெங்கும் பரவ, உண்பவற்றின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் உருவாகின்றன.

மூன்றாம் அரணே வியப்புக்குரியது. 1980களில் நெதர்லாந்து நாட்டில் மொரிஸ் சபேலிஸ், மார்செல் டிக்கே ஆகிய அறிஞர்கள் லைமா அவரைச் செடியை ஆராய்ந்தனர். சிலந்திப்பேன் கடித்த அவரை, காற்றில் ஒருவகை மணத்தை வெளியிடுகிறது. சிலந்திப்பேனையே இரையாகக் கொள்ளும் வேறொரு பேன் அம்மணத்தைப் பின்பற்றி வந்து சேர்கிறது. செடி தன் பகைவனின் பகைவனுக்கு ஆள் அனுப்புகிறது என்று சொல்லலாம். அண்டையிலுள்ள நலமான செடிகளும் அம்மணத்தால் தற்காப்புக்கு ஆயத்தமாகின்றன.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று: செடியின் காவல் அதன் உடலோடு முடிவதில்லை, சுற்றியுள்ள உயிர்களும் அக்காவலில் பங்கு கொள்கின்றன. அவற்றை அழித்தால், செடி கூப்பிட்டும் வருவார் இல்லை.

இவ்வுண்மையை மலேசியச் செம்பனைத் தோட்டங்கள் நட்டப்பட்டே கற்றன. இலைத்துணுக்குகளால் கூடு பின்னி அதனைச் சுமந்து திரியும் புழுவை மலாயில் உலாட் பூங்குஸ் என்பர். 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும், கண்டதையெல்லாம் கொல்லும் நெடுநாள் நஞ்சுகள் தெளிக்கப்பட்டபின் இப்புழுக்கள் பெருகின. புழுவின் மேல் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவிகள் முதலில் மடிந்ததே காரணம் என்பதைப் பிரையன் வூட் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் டிடிடி பரவிய நாடுகளில் சிலந்திப்பேன் பெருந்தொல்லையானதும் இவ்வாறே. இன்று பல தோட்டங்களில் பாதையோரம் துர்னேரா நடப்படுகிறது. எட்டு மணிப்பூ என்று மலாய் மக்கள் அழைக்கும் செடி அது. குளவிகளுக்குத் தேன் தந்து, அவற்றைத் தோட்டத்திலேயே நிறுத்துவது அதன் பணி.

இனி, மொழிப் பேரவையில் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. தோட்டத்துப் பேச்சில் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் 'மருந்து' ஆகும். ‘மருந்தடிக்கப் போகிறேன்’ என்றே நம் பெண்கள் விடியலில் தோம்பு சுமந்து புறப்பட்டனர். மருந்து என்னும் சொல்லில் அச்சம் இல்லை; கையுறை கேட்கும் எண்ணமும் எழாது. அவ்வாறு தெளித்த பெண்கள் பட்ட துன்பங்களைத் தெனாகனித்தா அமைப்பு 2002ஆம் ஆண்டு ஆய்வாக வெளியிட்டது. களைக்கொல்லியாகிய பாராகுவாட்டுக்கு அதே ஆண்டில் அரசு தடை அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. 2020 சனவரியில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அடியிலுள்ள பூஞ்செடிகளை அந்நஞ்சு கரித்தபோது, குளவியின் உணவும் போயிற்று. தெளித்தவரின் நலமும் போயிற்று.

நஞ்சு அறவே கூடாது என்று கூற நான் வரவில்லை. அளவறிந்து, இடமறிந்து, வேறு வழியில்லாதபோது பயன்படுத்துவது வேளாண் அறிவே. ஆயின் அதற்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். சிறு கொல்லையாயின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பேன்கள் பெரிதும் குறையும். எல்லாப் புல்லும் பகையன்று. பூக்கும் களை சிலவற்றை வரப்பில் விட்டுவையுங்கள். அனைத்திற்கும் மேலாக, வீட்டில் பிள்ளைகளிடம் அந்தத் தோம்பைச் சுட்டி ‘இது நஞ்சு’ என்று சொல்லுங்கள். சரியான பெயரே முதல் காப்பு.