நாட்டுக்கு ஆயுள் கூடிவிட்டது, எங்களுக்கு?

(செல்வச்சந்நிதி கோயிலுக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களுக்கு நெல்லியடியில் நாங்கள் ஆற்றிய உரை. வர முடியாதவர்களும் வாசிக்கவேண்டும் என்பதால் இங்கே தருகிறோம்.)



மலையிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸிலே வந்து, சந்நிதி முருகனைக் கும்பிட்டு, இப்பொழுது எங்கட நெல்லியடியிலே இளைப்பாறிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் சாவைப் பற்றிப் பேசலாமோ என்று நாங்கள் முதலில் யோசித்தோம். ஆனால் சாவு எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால்தானே அந்த வழியைக் கொஞ்சமாவது அடைக்கலாம். குறை நினையாமல் கேளுங்கோ.

எங்கள் நாடு காசு குறைந்த நாடு. ஆனால் சுகம் கூடிய நாடு. 1985ஆம் ஆண்டில் உலக அறிஞர்கள் கூடி, செலவு குறைவாக இருந்தும் சனங்கள் நெடுநாள் வாழுகிற இடங்கள் எவை என்று ஆராய்ந்தபோது நாலு இடங்களைச் சொன்னார்கள். சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம், இலங்கை. அந்தப் பெருமை சும்மா வந்ததல்ல. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் பரவி ஏறத்தாழ 80,000 பேர் இந்த நாட்டில் செத்தார்கள். 1946இல் ஒரு பிள்ளை பிறந்தால் அது சராசரி 43 வயது வரைதான் வாழும் என்று கணக்குப் போட்டார்கள். பிறந்த 1000 பிள்ளைகளில் ஏறத்தாழ 140 பிள்ளைகள் முதலாவது பிறந்தநாளைக் காணாமலே போயின.

பிறகு என்ன நடந்தது? வீடு வீடாக டி.டி.ரி. மருந்து அடித்தார்கள். கிராமத்துக்கு மருத்துவிச்சி வந்தா. ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் மருந்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இன்று சராசரி ஆயுள் ஏறத்தாழ 77. ஆயிரம் குழந்தைகளில் சாவது 10க்கும் குறைவு. 1930களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். இன்று அது 30 அளவுதான். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

கேட்கச் சந்தோசமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சுகம் எல்லா வாசலுக்கும் ஒரேநேரத்தில் போகவில்லை. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த பிறகு, வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் ஊர்ச்சனம் ஆஸ்பத்திரி கேட்டது. கிடைத்தது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து மலையகத்துச் சனங்களின் குடியுரிமை போனது. அதோடு வாக்கும் போனது. கேட்க வாயிருந்தும் கேட்க ஆளில்லை. தோட்டத்து வைத்தியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நாட்டிலேயே கூடுதலாக அடிபட்டது லயங்கள்தான். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1990களில்தான். அதுவும் எல்லாவற்றையும் அல்ல.

அந்தப் பழைய கடன் இன்றும் பிள்ளைகளின் உடம்பிலே தெரிகிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் 100க்கு 32 பேர். இதற்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறை குறைந்து பிறக்கிற பிள்ளைக்கு, வளர்ந்த பிறகு சீனி வருத்தமும் பிரஷரும் மாரடைப்பும் வரும் வாய்ப்புக் கூட. கர்ப்பிணித் தாயின் தட்டிலே குறைந்த முட்டையும் பருப்பும் 50 வருசம் கழித்து நெஞ்சுவலியாக வரலாம்.

சரி, இன்று நாங்கள் எதனால் சாகிறோம்? காய்ச்சலாலும் கழிச்சலாலும் அல்ல. இந்த நாட்டில் நடக்கிற பத்துச் சாவில் எட்டுச் சாவு, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாத நோய்களால் நடக்கிறது. முதலிடம் மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும். அதற்குப் பிறகு புற்றுநோய், சீனி வருத்தம், நெஞ்சிழுப்பு. நெல்லியடியிலும் இதுதான், நுவரெலியாவிலும் இதுதான். மலேரியாவை அரசாங்கம் மருந்தடித்து விரட்டியது. பிரஷரை அப்படி விரட்ட ஏலாது. அது அவரவர் இரத்தத்துக்குள்ளே சத்தமில்லாமல் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு ஐயா இருந்தார். தோட்டம் கொத்துகிறவர், மெலிந்த உடம்பு. "வேலை செய்யிற உடம்புக்கு என்ன பிரஷர்?" என்பார். ஒருநாள் தலைச்சுற்றில் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போய்க் குளிசை எடுத்துவந்தார். இரண்டு மாதத்தில் தலைச்சுற்று நின்றது. குளிசையையும் நிற்பாட்டிவிட்டார். அடுத்த மாரியில் ஒரு விடியற்காலை கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், எட்டு நாளில் முடிந்துவிட்டார். குளிசை தலைச்சுற்றுக்கு அல்ல, இந்த விடியற்காலை வராமல் தடுப்பதற்குத்தான் என்று அவருக்கு விளங்கும்படி நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குறை எங்களுக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்குச் சொல்லுகிறோம்.

மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிற உடம்புக்கும் பிரஷர் வரும். கருவாடு, ஊறுகாய், ரொட்டிக்குப் போடுகிற உப்பு எல்லாம் சேரும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புத்தான் அளவு. சாயத்தண்ணி குடியுங்கோ, அது உங்கள் கையால் வந்தது. ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் இரண்டு கரண்டி சீனி வேண்டாம். ஒரு காலத்தில் பாரிசவாதத்தால் மிகக் கூடுதலாகச் செத்தவர்கள் யப்பான்காரர். 1960களிலிருந்து ஊர் ஊராகப் பிரஷர் அளந்து, உப்பைக் குறைத்து, அந்தச் சாவைப் பெரிதாகக் குறைத்துவிட்டார்கள்.

அடுத்தது வாய். இந்த நாட்டு ஆண்களுக்கு வருகிற புற்றுநோயில் முதலாவது வாய்ப்புற்று. வெற்றிலை பாவம், வினை பாக்கிலும் புகையிலையிலும். புகையிலை பயிரிடுகிற மண் எங்களுடையது, கூச்சத்தோடுதான் சொல்லுகிறோம். புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் தரும் என்பதும் 2004இலேயே வெளியான முடிவு. குளிருக்கும் பசிக்கும் போடுகிறோம் என்பீர்கள், உண்மைதான். ஆனால் வாய்க்குள்ளே வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் திறக்க இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டொக்டரிடம் காட்டுங்கோ. ஆரம்பத்தில் பிடித்தால் சுகமாக்கலாம்.

மூன்றாவது புகை. காற்றோட்டமில்லாத லயத்துக் குசினியில் விறகுப் புகை குடிக்கிற தாய்க்கும், சுருட்டுப் புகைக்கிற தகப்பனுக்கும் நெஞ்சு ஒன்றுதான். இந்த நாட்டில் பெண்கள் 80 வயதை நெருங்கி வாழுகிறார்கள்; ஆண்கள் ஏறத்தாழ ஆறு வருசம் முந்திப் போகிறார்கள். அந்த ஆறு வருசத்தில் பெரும்பகுதி சிகரெட்டிலும் சாராயத்திலும் விபத்திலும் போகிறது.

இன்னொரு சாவைப் பற்றியும் சொல்லவேண்டும். 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்த நாடு இது. மிகக் கொடிய கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். அந்தக் கணக்கு மூன்றில் ஒன்றாக இறங்கியது. கோபமும் கவலையும் ஒரு பொழுதில் வருவது. அந்தப் பொழுது கடந்தால் உயிர் தப்பும். மனம் தாங்காதவர்களைத் தனியே விடாதேங்கோ. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை.

இப்பொழுது செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். 35 வயது கடந்த எல்லோரும் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் பிரஷரும் சீனியும் பார்க்கவேண்டும், இலவசம். பிரஷர் 140க்கு 90 என்ற அளவில் அல்லது அதற்கு மேலே இருந்தால் டொக்டரிடம் போங்கோ. குளிசை தந்தால் அவர் சொல்லாமல் நிற்பாட்டாதேங்கோ. தாய்மார் 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகவேண்டும். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சிலே பாரம் ஏறி வியர்த்தால், வாயுக்குத்து என்று இஞ்சித்தண்ணி கொடுத்து நேரத்தைப் போக்காதேங்கோ. 1990க்கு அடியுங்கோ. அந்த அம்புலன்ஸ் 2018இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. உங்கள் பக்கமும் இருக்கிறது. லயத்து வழி தெரியாமல் நிற்கும். ஒரு பிள்ளையைப் பெரிய றோட்டுக்கு அனுப்பி வழிகாட்டுங்கோ.

வீட்டிலே ஒருவர் இறந்தால், பதிவுகாரரிடம் "வயது போச்சு" என்று மட்டும் சொல்லாதேங்கோ. இருந்த வருத்தத்தைச் சொல்லுங்கோ, கிளினிக் கொப்பியைக் காட்டுங்கோ. எழுதப்படாத நோய்க்கு மருந்து கேட்க முடியாது.

கடைசியாக ஒன்று. கிளினிக்குக்குப் போனால் பேர் போகும், அன்றைய சம்பளம் போகும் என்று நீங்கள் சொல்வது எங்களுக்குத் தெரியும். ஆகவே வருசத்தில் ஒரு நாளாவது பிரட்டுக்களத்துக்கோ பிள்ளை மடுவத்துக்கோ கிளினிக் வரவேண்டும், அன்றைக்குப் பேரும் போட வேண்டும் என்று தலைவர்மார் நிர்வாகத்திடம் கேட்கவேண்டும். தடுப்பூசி லயத்துக்கு வந்தபடியால்தான் பிள்ளைகள் தப்பினார்கள். பிரஷர் அளக்கிற கருவியும் அப்படி வரட்டும்.

அடுத்த வருசமும் சந்நிதிக்கு வாங்கோ. வரும்போது "என்ர பிரஷர் இவ்வளவு" என்று சொல்லக்கூடியவர்களாக வாங்கோ. இன்று வந்த எல்லோரும் அன்றைக்கும் வரவேண்டும்.