தைப்பதற்கா, பார்ப்பதற்கா?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிப் பேசுமாறு அழைத்தீர்கள். நான் ஒரு பழைய தையல் இயந்திரத்தைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். அதை வாங்குவதா, விடுவதா என்று சென்ற ஆண்டு பதினைந்து நாள் தடுமாறினேன். அத்தடுமாற்றம் நம் தொழிலுக்கும் சிறிது பயன்படும் என்று கருதுகிறேன்.

இராசிபுரத்தில் ஓர் அம்மையார் தம் வீட்டுச் சிங்கர் இயந்திரத்தை விற்க இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். சேலத்திலிருந்து பேருந்தேறிச் சென்றேன். கறுப்பு உடலில் பொன்னெழுத்துகள் பாதி அழிந்திருந்தன. மிதியும் இரும்புக் கால்களும் உறுதியாக இருந்தன. பார்த்த மாத்திரத்தில் என் நெஞ்சு கனத்தது. என் தாயார் இதைப் போன்ற ஒன்றில் ஊராருக்கு இரவிக்கை தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அவர் மறைந்தபின் இடத்தை அடைக்கிறதென்று அதனை எடைக்குப் போட்டவன் நான். இப்போது இன்னொன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தால் அந்தக் குற்றவுணர்வு தணியுமென்று நினைத்தேன்.

எனக்கு முன்பே ஒரு வியாபாரி வந்து ஒன்பதாயிரம் சொல்லியிருந்தார். தலையைக் கழற்றிவிட்டு, இரும்புக் காலின்மேல் கண்ணாடி பொருத்தி உணவு விடுதிகளுக்கு மேசையாக விற்பது அவர் தொழில். நானோ, “ஓடுமோ ஓடாதோ” என்று சொல்லி ஆயிரம் குறைத்துக் கேட்டேன். அம்மையார் கோபிக்கவில்லை. “அது கெடக்குதுங்க தம்பி. நீங்க கேக்கறது தைக்கறதுக்குங்களா, பாக்கறதுக்குங்களா?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வினாவோடு நூல்களைப் புரட்டினேன். ஊசி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார் கட்டில் பின்னும் தொழிலாளியின் ஊசி விரைவைப் போரின் விரைவுக்கு உவமை ஆக்கினார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, சாயும் பொழுது: இத்தனைக்கும் நடுவே அவன் கை ஓடுகிறது. அந்தக் கையின் வேகத்தைத்தான் பிற்காலத்தார் இரும்பில் வார்க்க முயன்றார்கள். கையூசியின் காது பின்முனையில் இருக்கும். இயந்திர ஊசியின் காது கூர்முனைக்கருகே இருக்கும். அத்தகைய ஊசியையும் கீழே ஓடும் நாடாவையும் இணைத்து இருநூல் தையல் போடும் பொறிக்கு 1846இல் அமெரிக்காவில் எலையாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றார். மேல்நூல் துணிக்குள் இறங்கி வளையமாகும். கீழ்நூல் அதனூடே புகும். துணியின் நடுவே இரண்டும் பூட்டிக்கொள்ளும். தறி ஓசையோடு வளர்ந்த நமக்கு நாடாவும் தாரும் விளக்கவேண்டிய பொருள்கள் அல்ல.

ஐசக் சிங்கர் 1851இல் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஹோவுக்கு உரிமைத்தொகை செலுத்த நேர்ந்தது. 1856இல் அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். ஒரே தடவையில் முழுவிலையும் கொடுக்க இயலாத வீடுகளுக்குள்ளும் இயந்திரம் நுழைந்தது அவ்வழியே.

இயந்திரங்களைப் பெரிதும் ஐயுற்ற காந்தியடிகள் இதற்கு விலக்களித்தார். 1924இல் தில்லியில், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று அவரை வினவினார். தையல் இயந்திரத்தை விதிவிலக்காகக் காட்டிய அடிகள், மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு அன்பினால் சிங்கர் அதைப் படைத்ததாகச் சொன்னார். சிங்கரின் வரலாறு அவ்வளவு இனிதன்று. வாணிபமே அவரை இயக்கியது. ஆயினும் காந்தியடிகள் வைத்த உரைகல் பழுதுபடவில்லை. ஒரு பொறி மனிதரின் உழைப்பைக் குறைத்து, அவரைக் கைவிடாமல் இருக்கிறதா என்பதே அது.

பழம்பொருளுக்கு வேறு உரைகற்களும் உண்டு. 2009இல் சவூதி அரேபியாவில் பழைய சிங்கர் ஊசிகளில் ‘சிவப்புப் பாதரசம்’ இருப்பதாக வதந்தி பரவியது. ஓர் இயந்திரத்துக்கு இரண்டு இலட்சம் ரியால் வரை விலை பேசினார்கள். அப்படி ஒரு பொருளே இல்லை. தைக்கும் பொறியைத் தைப்பதற்கென்று மதியாதபோது வதந்தி விலை வைக்கிறது. அந்த வியாபாரி தலையை விட்டுக் காலை மதித்தார். நான் இரண்டையும் விட்டு என் நினைவை மதித்தேன். மூவரில் எவரும் தைக்க வரவில்லை.

பதினைந்தாம் நாள், தையற்பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு மீண்டும் இராசிபுரம் சென்றேன். அவள் பொன்னெழுத்தைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினாள், எங்கும் தடைபடவில்லை. துணியை நகர்த்தும் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவினாள். கீழ்த்தகட்டைத் திறந்து பாபினைப் பார்த்தாள். படகு போன்ற நீண்ட நாடா உள்ள பழைய வகையாயின் உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டும் என்றாள். இது வட்டப் பாபின். நம் நாட்டுக் கறுப்பு இயந்திரங்கள் பலவும் இதே அமைப்பில் செய்யப்பட்டவையாதலால் ஊசியும் பாபினும் கடைகளில் கிடைக்கும். பின் எண்ணெய் விட்டு, இரட்டைத் துணி வைத்து ஒரு சாண் தைத்தாள். இருபுறமும் தையல் ஒன்றுபோல் விழுந்தது.

அம்மையார் அந்தத் துணியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “தையல் நிக்குதுங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வியாபாரி சொன்ன ஒன்பதாயிரத்தைக் குறைக்காமல் கொடுத்தேன். இயந்திரம் என் கூடத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் தலையணை உறை தைத்துக்கொண்டிருக்கிறது. தவணையாக அப்பெண் பணம் தருகிறாள். என் வேட்டி ஒன்றில் எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது. அது போகவில்லை, போக வேண்டுமென்று நான் முயலவும் இல்லை.

கவிஞர் பெருமக்களே, வெண்பாவும் ஆசிரியப்பாவும் நமக்கு வந்த தாய்வீட்டுப் பொருள்கள். இப்பத்தாண்டுகளில் சிலர் அவற்றைக் கூடத்தில் நிறுத்தி மாலையிட்டோம். சிலர் எடைக்குப் போட்டோம். இரு சாராரும் செய்யாதது, இன்றைய துணியை வைத்து ஒரு சாண் தைத்துப் பார்ப்பது. தையல் விழாவிட்டால் விட்டுவிடலாம், தவறில்லை. பாராமலே முடிவு செய்வதுதான் தவறு. அதை ஒருமுறை செய்தவன் சொல்கிறேன்: எடைக்குப் போட்டது திரும்பி வருவதில்லை.