பாதி அழுத்திய வால்வு: ரெக்ஸ் ஸ்டூவர்ட்டின் கார்னெட்

ஜாஸ்னு சொன்னதும் நிறைய பேருக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் பேர்தான் முதல்ல வரும். இன்னைக்கு நான் பேசப்போறது, அவர் காலி பண்ணிட்டுப் போன நாற்காலியில உட்கார வேண்டியிருந்த ஒருத்தரைப் பத்தி. பேர் ரெக்ஸ் ஸ்டூவர்ட். 1907ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர்.

1926. நியூயார்க்ல ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் இசைக்குழு. ஆம்ஸ்ட்ராங் அதுக்கு முந்தின வருஷம்தான் அங்கிருந்து கிளம்பியிருந்தார். ரெக்ஸுக்கு இருபது வயசுகூட ஆகல. ஆம்ஸ்ட்ராங் மேல அப்படி ஒரு பைத்தியம். அவரை மாதிரியே நடப்பாராம், டிரெஸ் பண்ணுவாராம். இதை அவரே பின்னாடி எழுதியிருக்கார். தலைவரோட இடத்துல ரசிகனை உட்கார வெச்சா என்ன ஆகும்? தாங்க முடியல, விலகிட்டார். ஹெண்டர்சனோட தம்பி ஹோரஸ் நடத்தின குழுவுல வாசிச்சுப் பழகி, 1928ல் திரும்பி வந்தார்.

அப்போ ஆம்ஸ்ட்ராங் உட்பட பலரும் டிரம்பெட்டுக்கு மாறிட்டாங்க. ரெக்ஸ் கார்னெட்டை விடல. அதுவும் டிரம்பெட் மாதிரிதான், ஆனா குழாய் படிப்படியா விரியும், சத்தம் கொஞ்சம் மென்மையா இருக்கும்.

1934 கடைசியில டியூக் எலிங்டன் குழுவில் சேர்ந்தார். அங்க ஏற்கெனவே கூட்டி வில்லியம்ஸ் இருக்கார். சிங்க் அடைப்பு எடுக்குற ரப்பர் கப்பை டிரம்பெட் வாயில வெச்சு உறும வைக்கிற ஆள். அவர் பக்கத்துல ரெக்ஸ் என்ன செய்ய?

அவர் கையில எடுத்தது வால்வை. வால்வை முழுசா அழுத்தினா காத்து வேற குழாய் வழியா சுத்தும், ஸ்வரம் மாறும். பாதி அழுத்தினா? சத்தம் நெரிபடும், மூக்கடைச்சவன் பேசுற மாதிரி. இசை வகுப்புல இப்படி ஊதினா திட்டுதான் விழும். ரெக்ஸ் அதை வெச்சே முனகுறார், கெஞ்சுறார், கிண்டல் பண்றார். 1938ல் பதிவான 'பாய் மீட்ஸ் ஹார்ன்' முழுக்க இந்த விளையாட்டுதான். நகைச்சுவைன்னு சிலர் ஒதுக்குவாங்க. எனக்கு ஒப்புதல் இல்ல. 1940ல் வந்த 'மார்னிங் குளோரி' கேளுங்க, அதே ஆள் எவ்வளவு நிதானமா உருகுறார்னு தெரியும்.

1945ல் எலிங்டனை விட்டு வெளியே வந்தார். அப்புறம் ஐரோப்பா, ரேடியோ, பத்திரிகை எழுத்து. கூட வாசிச்சவங்களைப் பத்தி அவர் எழுதின கட்டுரைகள், 1967ல் அவர் இறந்த பிறகுதான் புத்தகமா வந்தது. ஆம்ஸ்ட்ராங் பத்தியும் அதுல எழுதியிருக்கார்.

அந்த 1938 பதிவை ஹெட்ஃபோன்ல போடுங்க. ஆரம்பத்துலேயே அந்த நெரிபட்ட சத்தம் வந்துடும்.