தீர்மானம் திறந்த கதவு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நூலகத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நூலின் பெருமையை நீங்கள் அறிவீர்கள். ஆதலின், நூலகத்துறையில் அடைத்துக் கிடந்த கதவொன்றைத் திறந்த ஒருவரைப் பற்றிக் கூற விழைகின்றேன். அவர் அமெரிக்கக் கறுப்பின நூலகர் ஈ. ஜே. ஜோசி.

1924-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த ஜோசி, அண்ணல் அம்பேத்கர் 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்ற அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1950-இல் அப்பட்டம் பெற்றார். நூலகவியலும் கற்று, 1959-இல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா அரசுக் கல்லூரியில் நூலகரானார். பதவி கிடைத்தது, ஆயின் அம்மாநில நூலகச் சங்கத்தில் உறுப்பினராகும் உரிமை நிறத்தின் பெயரால் மறுக்கப்பட்டது. அலபாமா, லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களிலும் இதுவே நிலை.

1964-இல் செயிண்ட் லூயி நகரில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாடு கூடியது. மிசிசிப்பிச் சங்கத்தின் பணிக்கு அங்கே பாராட்டு அறிவிக்கப்பட்டது. ஜோசி எழுந்து கண்டித்தார். கண்டனத்தோடு நில்லாது, தீர்மானமும் கொண்டு வந்தார். கறுப்பினத்தாரைச் சேர்க்க மறுக்கும் மாநிலச் சங்கங்களின் கூட்டங்களில் தேசியச் சங்கத்தின் பொறுப்பாளரும் அலுவலரும் பதவி முறையில் பங்கேற்கலாகாது என்பதே அது. தீர்மானம் நிறைவேறியது. மறு ஆண்டிலேயே ஜார்ஜியா சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அவர் அத்துடன் அமைதி கொள்ளவில்லை. தமக்குக் கிடைத்த இடம் தம் மக்கள் அனைவர்க்கும் கிடைக்க வேண்டுமெனக் கருதி, 1970-இல் கறுப்பின நூலகர் அமைப்பை உருவாக்குவதில் முன்னின்றார். எந்தச் சங்கத்தின் மாநாட்டில் எழுந்து கண்டித்தாரோ, அச்சங்கத்திற்கே 1984-இல் தலைவரானார். 2009-இல் மறைந்தார்.

இளைஞர்களே! இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? உள்ளே சென்று படிப்பது ஓர் உரிமை. அவ்விடம் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் அவையில் அமர்வது அதனினும் பெரிய உரிமை. சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் பெறப்படுகின்றது. குடிசைக்கு வரி செலுத்தும் நம் தாயும் அந்நூலகத்திற்குப் பங்களிப்பவளே. ஆகவே நம் பகுதிக்குக் கிளை நூலகம் உண்டா, அம்பேத்கர் நூல்கள் அங்கு உள்ளனவா, வாசகர் வட்டத்தில் நம்மவர் உள்ளனரா என வினவுங்கள். குறை கண்டால் கூடிப் பேசி, எழுத்தில் வடித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவின் முன் வையுங்கள். சினம் நியாயமானதே, அதனைத் தீர்மானமாக்கினால்தான் கதவு திறக்கும்.