கையுறை வராத இடத்துக்குச் செயலி எப்படி வந்தது?

(மாணவர் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘செயற்கை நுண்ணறிவு நம் வேலையைப் பறிக்குமா?’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நானும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறவள்தான். அந்தப் பயம் எனக்கும் உண்டு. மொழிபெயர்ப்பாளர், வரைகலைஞர், கால் சென்டர் ஊழியர், நிரல் எழுதுகிறவர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இவர்கள் வேலை போய்விடும் என்று தினமும் யாராவது எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வேலை மட்டும் வருவதே இல்லை. மலக்குழிக்குள் இறங்குகிற வேலை.

இயந்திரம் பறித்துக்கொண்டு போகட்டும் என்று நாம் கெஞ்ச வேண்டிய வேலை அது ஒன்றுதான். அதை ஏன் எந்த இயந்திரமும் முழுதாகப் பறிக்கவில்லை? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஓர் உள்ளாட்சியின் தூய்மைப் பணியாளர்களுக்கு வருகைப் பதிவுச் செயலி செய்து கொடுத்தோம். முகத்தைப் படம் பிடிக்கும், இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளும். ஒப்பந்தம் எடுத்தவருக்கு மாதக் கடைசியில் அறிக்கை போகும். அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு வார்டு அலுவலக வாசலில் போய் நின்றேன். இருட்டு. வரிசையில் நின்ற பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தார்கள். பாதிப் பேரின் முகத்தைச் செயலி அடையாளம் காணவில்லை. அடையாளம் காணாவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். கூலி இல்லை.

நான் அதைக் குறையாகப் பதிவு செய்தேன். இரண்டு நாளில் அந்த டிக்கெட்டை மூடிவிட்டார்கள். எப்படித் தெரியுமா? ‘துணியைக் கழற்றிவிட்டு நிற்கும்படி பணியாளர்களுக்கு அறிவுறுத்தவும்’ என்று ஒரு வரி. குப்பை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர் தன் மூச்சைக் காத்துக்கொள்ளக் கட்டியிருந்த ஒரே துணி, எங்கள் பார்வையில் பிழையாகிவிட்டது.

அன்றைக்கு ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “ஏம்மா, கையுறை குடுங்கன்னு ரெண்டு வருசமா கேக்குறோம், வரல. நாங்க வந்தோமா இல்லையான்னு பாக்குற போனு மட்டும் ஒரே வாரத்துல வந்துருச்சே, அது எப்படி?”

என்னிடம் பதில் இல்லை. இன்று நான் பேசுவது அவருக்குத் தாமதமாகத் தேடிய பதில்.

தோழர்களே, அவர் கேட்டது அந்த ஒரு வார்டைப் பற்றிய கேள்வி மட்டும் என்று நினைக்காதீர்கள். சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதை அதிகாரி திரையில் பார்க்கலாம். கழிப்பறைக்குப் போகும்போதும் கண்காணிக்கிறார்களா என்று பெண் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், நாளைக்கு இரண்டு முறை செயலியில் படம் ஏற்றினால்தான் வருகை என்று ஆக்கினார்கள். சிக்னல் கிடைக்காத ஊரில் மண் வெட்டியவருக்கு அன்றைய உழைப்பு கணக்கில் வருமா என்பதே சந்தேகமானது.

ஆக, தொழில்நுட்பம் அடித்தட்டு மக்களிடம் போகவில்லை என்று சொல்லாதீர்கள். மேலிருந்து கீழே பார்க்கிற கண்ணாக வேகமாகவே போகிறது. கீழே இருப்பவரின் உயிரைக் காக்கிற கருவியாகப் போகும்போதுதான் அதற்கு நிதி இல்லை, டெண்டர் முடியவில்லை, தெரு குறுகல் என்று ஆயிரம் தடை வருகிறது.

குழிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘விஷவாயு தாக்கி மூவர் பலி’ என்று செய்தி படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அடைபட்ட மலக்குழியில் பிராணவாயு குறைந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் சேர்கின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் நாற்றமே தெரியாது, ஏனென்றால் மோப்ப நரம்பையே அது முடக்கிவிடும். அதனால் மேலே நின்று முகர்ந்து பார்ப்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது. மேலே தேங்கிய கசடைக் கலக்கும்போது அடியில் அடைந்திருந்த வாயு ஒரே நேரத்தில் வெளிவரும். முதலில் இறங்கியவர் விழுவார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், பிறகு மூன்றாமவர். பல சாவுகளில் அண்ணன் தம்பியும் அப்பா மகனும் ஒன்றாகப் போவது இப்படித்தான். 2015-இல் கோழிக்கோட்டில் குழிக்குள் சிக்கிய இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் இறந்தார். அவர் அந்தத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்.

கேரளத்தில் இளம் பொறியாளர்கள் சிலர் ‘பேண்டிகூட்’ என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ‘ஹோமோசெப்’ என்ற கருவியைச் செய்தார்கள். ஆகவே ‘இன்னும் கண்டுபிடிக்கவில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டமும் இருக்கிறது. 1993-இல் ஒன்று, போதாமல் 2013-இல் இன்னொன்று. 2013 சட்டத்தின் 33-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் சுத்தம் செய்யத் தகுந்த கருவிகளைப் பயன்படுத்துவது ஒவ்வொரு உள்ளாட்சியின் கடமை என்கிறது. 7-ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டுவரை சிறை உண்டு. பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். உச்சநீதிமன்றம் 2014-இல் ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்கவே கூடாது என்றது.

ஒன்றிய அரசு 2020 நவம்பரில் 243 நகரங்களுக்கு ஒரு போட்டி அறிவித்தது. 2021 ஏப்ரல் 30-க்குள் எல்லாம் இயந்திரமயம் ஆகிவிடும் என்றார்கள். அந்தத் தேதி போனது. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில், கையால் மலம் அள்ளும் பணியால் யாரும் சாகவில்லை என்று அமைச்சர் பதில் சொன்னார். எப்படி முடிந்தது? சட்டத்தில் ‘கையால் மலம் அள்ளுதல்’ தனி, ‘ஆபத்தான முறையில் சாக்கடை சுத்தம் செய்தல்’ தனி. குழிக்குள் செத்தவர் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விட்டால், முதல் பட்டியலில் பூஜ்யம். செத்த உடலை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றி எழுத மட்டும் எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை.

2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 150 பேர் இப்படி இறந்தார்கள். அதில் 54 சாவுகளைச் சமூகத் தணிக்கை செய்து 2025-இல் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. 38 பேர் தனிப்பட்ட முறையில் கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள். அரசுச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் ஐந்தே பேர்.

இந்த 38 என்ற எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். இவர்களை அழைத்தது யார்? வீட்டு உரிமையாளர், ஹோட்டல்காரர், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம். அதாவது நம்மைப் போன்றவர்கள். லாரி வந்து உறிஞ்சிய பிறகு அடியில் கெட்டிப்பட்ட கசடு மிச்சம் இருக்கும். ‘யாராவது ஓர் ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்க’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுவார். பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த ‘யாராவது ஓர் ஆள்’ எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். யாரும் சாதி கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி இந்தச் சமூகம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஒன்றிய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்துக்காக 3,000-க்கும் மேற்பட்ட நகர உள்ளாட்சிகளில் சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களின் விவரங்களைத் திரட்டினார்கள். 2024-இல் வெளிவந்த அந்தக் கணக்குப்படி 91.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்கள். பட்டியல் சாதியினர் மட்டும் 68.9 விழுக்காடு. உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைக்கிறவர்களையே தட்டுத் தட்டாகப் பிரித்து வைப்பது சாதி என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த விளக்கத்தை அரசே எண்ணிக் கொடுத்திருக்கிறது.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரு முதலாளி எப்போது இயந்திரம் வாங்குவார்? மனித உழைப்பு இயந்திரத்தைவிடச் செலவு பிடிக்கும்போது. சில நூறு ரூபாய்க்கு ஆள் இறங்கத் தயாராக இருக்கும்வரை, லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்குவது சந்தையின் கணக்கில் நட்டம். அந்தச் சில நூறு ரூபாய்க்கு ஒரு மனிதரைத் தயாராக வைத்திருப்பது எது? நிலம் இல்லாமை, படிப்பு மறுப்பு, வேறு வேலைக்குப் போனாலும் சாதி பார்த்துத் திருப்பி அனுப்புதல். இவை சேர்ந்துதான் அந்த உயிரின் விலையைக் கீழே பிடித்து வைத்திருக்கின்றன. வருகைச் செயலி ஒப்பந்ததாரருக்குக் கூலியை மிச்சப்படுத்துகிறது, ஒரே வாரத்தில் வருகிறது. கையுறை அவருக்குச் செலவு, இரண்டு ஆண்டானாலும் வராது.

ஆகவே ‘காலம் மாறும், தொழில்நுட்பம் வளரும், தானாகச் சரியாகும்’ என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தந்தை பெரியார் ‘இனிவரும் உலகம்’ எழுதியபோது, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தந்திச் சாதனம் இருக்கும் காலத்தைக் கற்பனை செய்தார். அது வந்துவிட்டது. இயந்திரத்தின் பயன் எல்லோருக்கும் பொதுவாகும் சமூகத்தையும் அவர் கனவு கண்டார். பையில் வைக்கும் சாதனத்தைச் சந்தை கொண்டுவந்து கொடுத்தது. இந்த இரண்டாவதை எந்தச் சந்தையும் கொண்டுவந்து கொடுக்காது.

இயந்திரம் வந்தால் அவர்கள் பிழைப்பு போய்விடாதா என்று சிலர் கேட்பார்கள். நேர்மையாகக் கேட்கிறவர்களும் உண்டு. அதற்குப் பதில், இயந்திரம் யாருக்குச் சொந்தம் என்பதில் இருக்கிறது. ஹோமோசெப் கருவிகளில் முதல் இரண்டு, மலக்குழிச் சாவில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமையிலான சுய உதவிக் குழுக்களுக்குப் போயின. டெல்லியில் 2019-இல் 200 கழிவுநீர் வண்டிகளைத் தலித் உரிமையாளர்களைக் கொண்டு இயக்கும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் வழியே தூய்மைப் பணியாளர்களை வண்டி உரிமையாளர்களாக்கும் முயற்சி நடக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வண்டிக்கடன் தொழிலாளியின் தலையிலும், வேலை கொடுக்கும் அதிகாரம் பழைய கைகளிலும் இருந்தால், ‘உரிமையாளர்’ என்பது வெறும் பட்டமாகிவிடும். அத்தோடு, அதே சாதியினரே தலைமுறை தலைமுறையாகக் கழிவுநீர் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது நம் இலக்காக இருக்க முடியாது. அவர்கள் பிள்ளைகளுக்கு வேறு கதவுகளும் திறக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை மறந்திருக்க மாட்டீர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்றார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. உணவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வேலைக்கான உத்தரவாதம். அது ஏன் இங்கே முக்கியம் என்றால், நிரந்தரப் பணியாளரால் ‘குழிக்குள் இறங்க மாட்டேன்’ என்று சொல்ல முடியும். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத ஒப்பந்தத் தொழிலாளியால் அப்படிச் சொல்ல முடியாது. மறுக்கும் உரிமைதான் முதல் பாதுகாப்புக் கவசம்.

நாம் என்ன செய்யலாம்? மூன்று வேலைகள் சொல்கிறேன்.

உங்கள் நகராட்சியில் எத்தனை இயந்திரங்கள் உள்ளன, கடந்த ஓராண்டில் எத்தனை நாள் இயங்கின, இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. கொட்டகையில் பழுதாகி நிற்கிற இயந்திரத்தை வெளியே கொண்டுவரும் முதல் படி அது.

அடுத்து, உங்கள் வீட்டிலும் விடுதியிலும் அடுக்குமாடியிலும் ‘ஓர் ஆளைக் கூப்பிடுங்க’ என்ற பேச்சு எழும்போது, அது சட்டப்படி குற்றம் என்று அங்கேயே சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடம் ஓர் உயிரைவிடப் பெரியதில்லை.

மூன்றாவது, நாளை மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களுக்கு. தொழிலாளியைக் கண்காணிக்கும் செயலியைச் செய்யச் சொல்வார்கள். அப்போது கேளுங்கள்: கையுறை கொடுத்தார்களா, வாயு அளக்கும் கருவி வந்ததா, கூலி முழுதாகப் போனதா என்பதைத் தொழிலாளியே பதிவு செய்கிற பக்கம் இதில் ஏன் இல்லை? அதைச் செய்ய நான்கு வரி நிரல் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான். நான் அன்றைக்குக் கேட்கவில்லை. துணியைக் கழற்றச் சொன்ன அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போனேன்.

நீங்கள் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இங்கே வந்தேன்.

ஜெய்பீம்.